ஒற்றைப்படை!

'மாடிப்படி என்ன டிசைன்ல வேணும் சார்?' என்று மேஸ்திரி கேட்டபோது, இத்தனை பழைய விவகாரத்தில் கால் வைக்கிறோம் என்று எனக்குத் தெரியாது. அவர் யோசனை, 15 படி. ஒவ்வொன்றும் எட்டு அங்குல உயரம், ஒன்பது அங்குல அகலம். 'இடம் மிச்சம் சார். ஒத்தைப்படை, ராசி வேற!' எழுபதைத் தாண்டிய அம்மா ஒன்றும் பேசாமல் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

அந்த ஒற்றைப்படை சமாசாரம் இருக்கிறதே... சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு ரோமில் விட்ருவியஸ் என்றொரு கட்டடக் கலைஞர், அகஸ்டஸ் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகப் பத்துப் பாகங்களில் ஒரு நூல் எழுதினார். கோயில் முன்படிகள் ஒற்றைப்படையில்தான் இருக்கவேண்டும் என்கிறார் அதில். காரணம்? முதல் படியில் வலது காலை வைத்தவர், மேல்தளத்தையும் வலது காலால்தான் மிதிக்க வேண்டுமாம்! (நம் மேஸ்திரிக்கு லத்தீன் தெரியாது என்பதற்கு நான் கியாரண்டி.) சரிவுக்கும் வழி சொல்லியிருக்கிறார் மனிதர். பிதாகரஸின் 3-4-5 முக்கோணம். மூன்று பங்கு உயரத்துக்கு நான்கு பங்கு நீளம்!

அடுத்த ஆசாமி, ஃபிரான்ஸ்வா ப்ளாண்டெல். பதினான்காம் லூயி காலத்தில், 1671-ல் பாரிஸில் தொடங்கிய ராயல் கட்டடக்கலை அகாடமியின் தலைவர். கணித மேதை வேறு. சமதரையில் மனிதனின் ஓர் எட்டு 24 அங்குலம் என்று வைத்துக்கொண்டார் (அந்தக் கால ஃபிரெஞ்சு அங்குலம். நம் கணக்கில் இருபத்தைந்தரை). காலை ஓர் அங்குலம் மேலே தூக்குவது, இரண்டு அங்குலம் முன்னே வைப்பதற்குச் சமம். ஆகவே, படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, அகலத்தைக் கூட்டினால் 24 வரவேண்டும். அவ்வளவுதான்! இன்றைக்கும் பல நாடுகளில் படி கட்டுகிறவர்கள் இதைச் சுற்றித்தான் வருகிறார்கள்.

காமர்ஸ் படித்தவன் கையில் ஃபார்முலா கிடைத்தால் விடுவேனா? 8+8+9... 25. மேஸ்திரி பாஸ்! ஏழு அங்குல உயரம், பதினோரு அங்குல அகலம் போட்டுப் பார்த்தேன். அதுவும் 25! யோசித்தால், அகலமே இல்லாத ஏணிகூட, ஓர் அடிக்கு ஒரு கட்டை வைத்தால் ப்ளாண்டெலிடம் பாஸாகிவிடும். எட்டு சரியாக விழுகிறதா என்றுதான் ஃபார்முலா பார்க்கிறது. எட்டு வைப்பவருக்கு என்ன வயசு என்று அது கேட்பதில்லை.

எங்கள் மாடி பத்தடி உயரம். ஏழு அங்குலம் என்றால் 17 படி. ஒற்றைப்படை தப்பித்தது. ஆனால், மேஸ்திரியின் படிக்குப் பத்தரை அடி நீளம் போதும். இதற்குப் பதினாலடி எட்டு அங்குலம். மடக்கிப் போடலாம் என்றால் மனையில் அகலம் இல்லை. நிகர நஷ்டம் நாலடிக்கு மேல். அங்கேதான் என் புத்தக அலமாரி வருவதாக இருந்தது! இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுப் படியில் அம்மா பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக இறங்கியதைப் பார்த்தேன். அலமாரி மாடிக்குப் போயிற்று.

கிரகப்பிரவேசத்தன்று அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டே ஏறினாள். ஒன்பதாவதில் கொஞ்சம் நின்றாள். மேலே போனதும் திரும்பி, 'பதினேழு, சரியாத்தான் இருக்கு. ஆனா எந்தக் கால்ல ஆரம்பிச்சேன்னு மறந்துட்டேன்டா!' என்றாள்.