கையில் வாங்கிய தண்ணீர்

சென்ற மாதம் கம்பத்திலிருந்து கூடலூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் தம்பி மகன். கல்லூரியில் படிக்கிறவன். ஏதோ ஓர் ஆங்கில விஞ்ஞானக் கதையில் மூழ்கியிருந்தான். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால், நட்சத்திரங்களுக்கு நடுவே, குலம் குலமாகப் பிரிந்து மனிதர்கள் போரிடும் கதை அது. ஒரு குலத்து வீரன் பகைவரிடம் சிறைப்படுகிறான். அவன் மணிக்கட்டில் ஒரு கயிற்றைக் கட்டி வேலைக்காரனாக வைத்துக்கொள்கிறார்கள். அவனுடைய உழைப்பையும் தீரத்தையும் கண்டு, கடைசியில் கயிற்றை அறுத்துத் தங்கள் குலத்து வீரனாகவே ஏற்றுக்கொள்கிறார்கள்.

"நம்ம சரித்திரத்துல இப்படி யாராவது உண்டா, பெரியப்பா?" என்று கேட்டான்.

கேள்வி நல்ல கேள்வி. கேட்ட இடமும் பொருத்தமான இடந்தான். ஆண்டிபட்டிப் பக்கம் வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 2006-ம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் சில நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். தமிழி எழுத்துப் பொறித்தவை. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய காலத்தவை. அவற்றில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்ற வீரனுக்காக நட்டது. ஆகோள் என்றால் பகைவருடைய ஆநிரையைக் கவர்ந்து வருவது. அந்தக் கூடல் ஊர் நாங்கள் போய்க்கொண்டிருந்த கூடலூராகவே இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பும் திராட்சைத் தோட்டமுமாக ஓடிய அந்த மண்ணில்தான், மாட்டுக்காக ஓர் ஊரும் இன்னோர் ஊரும் வெட்டிக்கொண்டு மடிந்திருக்கின்றன.

செத்தவனுக்குக் கல் நட்டார்கள், பெயரைப் பொறித்தார்கள். ஆனால் அதே சண்டையில் உயிரோடு பிடிபட்டவன் என்ன ஆனான்? சிறைப்பட்டவனுக்குக் கல் நட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவனைத் தேட வேண்டுமானால் பாட்டுகளில்தான் தேட வேண்டும்.

தேடினால் கிடைக்கிறார்கள். சேரன் இமயவரம்பன் தன்னிடம் சிக்கிய யவனர்களின் கைகளைப் பின்னால் கட்டித் தலையில் நெய்யை ஊற்றினான் என்று பதிற்றுப்பத்தின் பதிகம் சொல்கிறது. பட்டினப்பாலையில் வரும் கொண்டி மகளிர், பகைவர் நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்ட பெண்கள். அந்தி நேரத்தில் விளக்கேற்றி வைப்பது அவர்கள் வேலை. அந்தப் பாட்டின் தலைவனான கரிகாலனே இளமையில் பகைவரின் சிறையில் வளர்ந்தவன்தான். கூண்டில் வளர்ந்த புலிக்குட்டியைப் போல் அவன் உள்ளே வளர்ந்தான் என்றும், குழியில் விழுந்த யானை கரையை இடித்துக்கொண்டு ஏறுவதைப் போல் வெளியே வந்தான் என்றும் புலவர் பாடுகிறார்.

குழியிலிருந்து ஏறிய யானை இன்னொரு சேரனுக்கும் உவமையாகிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பிடித்துக் கட்டி வைத்தான். சேரன் தன் வலிமையால் தப்பிப் போய்த் தன் அரசுக்கே மீண்டான். புறநானூற்றில் குறுங்கோழியூர் கிழார் அவனைப் பாடியிருக்கிறார். எதிரே தெரிந்த குமுளி மலைக்காடுகளில் இன்றைக்கும் யானை உண்டு. அந்த உவமையின் கனம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தப்பியவர்கள் கதை இப்படி. தப்பாத ஒருவன் கதைதான் என்னைப் பல ஆண்டுகளாக விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. அவன் சேரமான் கணைக்கால் இரும்பொறை.

சோழன் செங்கணானோடு போரிட்டுத் தோற்று, குடவாயிற் கோட்டத்தில் சிறை வைக்கப்பட்டான். அந்தக் குடவாயில்தான் இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் குடவாசல். ஒரு நாள் தாகம் தாங்காமல் காவலாளியிடம் தண்ணீர் கேட்டான். காவலாளி உடனே கொடுக்கவில்லை. வெகு நேரம் கழித்துக் கொண்டுவந்தான். இரும்பொறை அதைக் கையில் வாங்கினான், குடிக்கவில்லை. ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு உயிரை விட்டான். புறநானூற்றின் 74-வது பாட்டு அது. இந்தச் செய்தியைச் சொல்வது அதன் கீழுள்ள குறிப்பு. இறந்து பிறந்த குழந்தையைக்கூட வாளால் கீறி வீரமரணம் கொடுத்துப் புதைக்கும் குலத்தில் பிறந்துவிட்டு, நாயைப் போல் சங்கிலியில் கட்டுண்டு, பகைவனிடம் தண்ணீருக்குக் கையேந்தி நிற்கிறேனே என்பது அதன் கருத்து.

பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் இதைச் சொன்னபோது எங்களுக்கெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. இதுவல்லவா மானம் என்று நினைத்தோம். பிற்பாடு வேறு சில நூல்களையும் படித்தபோதுதான் கதை அவ்வளவு நேரானதல்ல என்று தெரிந்தது.

முதலாவது, இரும்பொறை சாகவே இல்லை என்று இன்னொரு மரபு சொல்கிறது. பொய்கையார் என்ற புலவர் செங்கணானின் போர்க்களத்தைச் சிறப்பித்துக் களவழி நாற்பது பாடினார். சோழன் மகிழ்ந்து சேரனின் தளையை வெட்டி அரசையும் கொடுத்தான். கலிங்கத்துப்பரணி சொல்வது இதுதான்.

இரண்டாவது, அவனைச் சிறையிட்ட செங்கணான் சாமானியன் அல்லன். அவனே கோச்செங்கட் சோழ நாயனார். சிவனுக்கு எழுபது கோயில் கட்டியவன் என்று ஆழ்வார் பாசுரத்திலேயே இடம்பெற்றவன். அறுபத்துமூவரில் ஒருவனின் சிறையில்தான் ஒரு கைதிக்கு ஒரு வாய்த் தண்ணீர் நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது செய்திதான் என்னைத் திடுக்கிட வைத்தது. மூவன் என்ற பகைவனை வென்று, அவன் பல்லைப் பிடுங்கித் தன் தொண்டிக் கோட்டைக் கதவில் பதித்து வைத்தான் ஒரு பொறையன் என்று நற்றிணையின் 18-வது பாட்டு சொல்கிறது. அந்தப் பொறையன் இந்த இரும்பொறையே என்பது உரையாசிரியர்கள் கொள்கை. பாடியவர் பெயர் என்ன தெரியுமா? பொய்கையார்!

இதையெல்லாம் சேர்த்து நினைக்கும்போது, குடவாயிற் சிறையில் இருந்தவனை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். பகைவன் கையில் சிக்கியவனுக்கு என்ன நேரும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தன் கதவில் பதித்த பல்லை அவன் தினமும் பார்த்திருப்பான். தண்ணீர் வரத் தாமதமான அந்த வேளையில் மூவனுடைய முகம் அவனுக்கு நினைவு வந்ததோ, என்னவோ! பாட்டில் அது இல்லை. கதை எழுதுகிறவனுக்கு மட்டுமே எழுகிற கேள்வி அது.

பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப அவர் செய்தது சரியா, பெரியப்பா? குடிச்சிட்டு உயிரோட இருந்திருந்தா, அந்தப் புலவர் பாட்டு வந்து காப்பாத்தியிருக்குமே?" என்றான்.

நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. அவன் வயதில் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. சிறைப்பட்டவனுக்கு மானம் பெரிது என்று நாமாகத் தீர்மானித்து, அவன் சாவுக்குக் கைதட்டிவிட்டு வந்துவிட்டோம். அவன் தண்ணீர் கேட்டான் என்பதை மறந்துவிட்டோம். சாக விரும்புகிறவனா தண்ணீர் கேட்பான்?

"அவன் செய்தது சரியா தப்பான்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைடா. அந்தக் காவலாளி செய்தது தப்பு. அது மட்டும் நிச்சயம்" என்றேன்.

உலகம் இதைச் சட்டமாக எழுதி வைக்க வெகு காலம் பிடித்தது. இரண்டு உலக யுத்தங்களில் லட்சக்கணக்கான கைதிகள் பட்டினியாலும் நோயாலும் மாண்ட பிறகு, 1949-ல் ஜெனீவாவில் கூடிப் போர்க்கைதிகளைப் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன் 26-வது பிரிவில் ஒரு சிறு வாக்கியம் இருக்கிறது. கைதிகளுக்குப் போதுமான குடிதண்ணீர் கொடுக்க வேண்டும் என்பதுதான் அது. அதைப் படித்த அன்று எனக்குக் குடவாயில்தான் நினைவுக்கு வந்தது.

கூடலூரில் இறங்கியபோது நல்ல வெயில். 1895-ல் பெரியாறு அணை கட்டி முடிந்த நாள் முதல், மலையைக் குடைந்த வழியாகத் தண்ணீர் இறங்கி வரும் ஊர்ப்பக்கம் அது. தெருவோரத்து வீட்டுத் திண்ணையில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். "ஆத்தா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"உக்காருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், உடனே ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார். நாங்கள் யார், எந்த ஊர் என்றெல்லாம் விசாரித்தது, இருவரும் குடித்து முடித்துச் செம்பைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான்.