மூன்று நிமிட நாற்காலி

அடம்பிடிக்கும் பிள்ளையை உட்கார வைக்கும் 'டைம் அவுட்' நாற்காலி வருவதற்கு முன்னால் புறா இருந்தது. 1950களில் அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஃபெர்ஸ்டர் புறாக்களையும் சிம்பன்சிகளையும் வைத்துச் சோதனை நடத்திக்கொண்டிருந்தார். கொத்தினால் தீனி விழும். சில சமயம் தீனி வரும் வழியைக் கொஞ்ச நேரத்துக்கு அடைத்துவிடுவார். அந்த இடைவெளிக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், 'நல்லது கிடைப்பதிலிருந்து டைம் அவுட்'. இந்தப் பெயரின் முன்பாதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஊர் ஊராகப் போனது பின்பாதி மட்டும்தான்.

புறாவிடமிருந்து இந்த யோசனை குழந்தைகளிடம் வந்தது. 1964-ல் உளவியலாளர் மாண்ட்ரோஸ் வுல்ஃபும் இரு சகாக்களும் ஒரு மூன்றரை வயதுப் பையனைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும். அவனோ போட மறுத்தான், தலையை மோதிக்கொண்டு அலறினான். அலறினால் தனி அறை, அடங்கினால் கதவு திறக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். கண்ணாடியைத் தொட்டதற்கும் எடுத்ததற்கும் படிப்படியாகப் பரிசும் கொடுத்தார்கள். பையன் கண்ணாடி போட்டுக்கொண்டான்.

அறை நாற்காலியாக மாறியதில் அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்துக்குப் பெரிய பங்கு. அங்கே உளவியலாளர் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் தாய்மார்களுக்கு நேரடியாகவே பயிற்சி கொடுத்து வந்தார். அந்த வழியில் வந்த ஷீலா ஐபெர்க் 1970களில் 'பெற்றோர்-குழந்தை ஊடாட்ட சிகிச்சை'யை வகுத்தார். பெயர்தான் கரடுமுரடு, காட்சி எளிது. அம்மாவும் பிள்ளையும் ஓர் அறையில் கட்டைகளை அடுக்கி விளையாடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பார். அம்மாவின் காதுக்குள் இருக்கும் சிறு கருவியில் அவர் குரல் கேட்கும்: 'இப்போது பாராட்டுங்கள்... கேள்வி கேட்காதீர்கள்.'

முதல் கட்டம் முழுக்க விளையாட்டுதான். வீட்டிலும் தினம் 5 நிமிடம். அந்த 5 நிமிடத்தில் அதட்டல் கிடையாது, ஏவல் கிடையாது, 'இது என்ன கலர்?' என்ற பரீட்சைகூடக் கிடையாது. இதில் தேறிய பிறகுதான் நாற்காலி உள்ளே வரும். பெற்றோர் ஒரு வேலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 5 வினாடி பொறுக்க வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை. அப்புறம் நாற்காலி: 3 நிமிடம், முடிவில் 5 வினாடி அமைதி. இறங்கியதும் முதலில் சொன்ன அதே வேலையைப் பிள்ளை செய்தாக வேண்டும். கோபத்துக்கு இதில் எங்கேயும் இடம் வைக்கவில்லை. நாற்காலி அடக்கப் பார்த்தது பிள்ளையை மட்டும்தானா, ஓங்கிய கையையும் சேர்த்தா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

இந்த நாற்காலியின் சரித்திரத்தில் ஒரு வெட்கக்கேடும் உண்டு. ஆரம்ப நாட்களில், பிள்ளை எழுந்து ஓடினால் பின்புறத்தில் லேசாக ஓர் அடி என்பது விதிமுறையிலேயே இருந்தது. பின்னாளில் அதை நீக்கி வேறு வழிகளைக் கொண்டுவந்தார்கள்.

ஓங்கிய கைகளிடமே நாற்காலியைக் கொடுத்துப் பார்த்தது ஒக்லஹோமா மாநிலத்தில். மார்க் சாஃபினின் குழு, குழந்தையை அடித்துத் துன்புறுத்தியதாகப் பதிவான 110 பெற்றோரை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்தது. முடிவு 2004-ல் வெளிவந்தது. சுமார் 850 நாள் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான குழு வகுப்புக்குப் போனவர்களில் 49 சதவீதத்தினர் மீது மறுபடி புகார் வந்திருந்தது. இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 19 சதவீதம். அதே சிகிச்சையோடு கூடுதல் சேவைகளையும் சேர்த்துக் கொடுத்த குழுவில் 36. கூட்டிக் கொடுத்தால் கூடுதல் பலன் என்ற கணக்கு அங்கே பலிக்கவில்லை.

அடுத்து சான் டியாகோ, மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஊர். அங்கே கிறிஸ்டன் மெக்கேப்பும் சகாக்களும் மெக்சிக வம்சாவளிக் குடும்பங்களுக்காக இதே சிகிச்சையைத் திருத்தியமைத்தார்கள். துறுதுறுப்பான குழந்தைகளை வழிநடத்துவது என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர், சுருக்கமாக 'கானா'. (நம் ஊர்க் கானாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) மனநல சிகிச்சை என்றால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்ற கூச்சம் அந்தக் குடும்பங்களுக்கு இருந்தது. ஆகவே அதைப் பாடம், பயிற்சி என்றே முன்வைத்தார்கள். படித்தவரை முகத்துக்கு நேரே குறை சொல்வது மரியாதை இல்லை என்று அவர்கள் பேசாமல் தலையாட்டிவிடலாம் என்பதால், பயிற்சியாளரே அடிக்கடி 'இதில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?' என்று கேட்டு வாங்கினார். தகப்பனையும் தாத்தா பாட்டியையும் உள்ளே இழுக்கப் பார்த்தார்கள்.

நாற்காலிக்கும் புதுப் பெயர் வந்தது, அதுவும் வீட்டுக்குத் தக்கபடி. கண்டிப்பான பெற்றோருக்கு அது 'தண்டனை நாற்காலி', மற்றவர்களுக்கு 'யோசிக்கும் நாற்காலி'. 'சும்மா உட்கார வைப்பதெல்லாம் ஒரு தண்டனையா?' என்று கேட்பவரிடம் மென்மையான பெயரைச் சொல்லிப் பயனில்லை. 'அடியாத மாடு படியாது' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத சங்கதி இல்லை.

ஒக்லஹோமாவில் டொலோரஸ் சுபியா பிக்ஃபுட்டும் பெவர்லி ஃபண்டர்பர்க்கும் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்காக இதை மாற்றியபோது சிக்கல் இன்னும் ஆழமானது. பிள்ளைகளைப் பிடுங்கி விடுதிப் பள்ளிகளில் அடைத்த அரசாங்கத்தைக் கண்ட சமூகம் அது. பிள்ளை வளர்க்கச் சொல்லித்தர வெளியாள் வந்தால் எப்படி நம்பும்? எனவே இருவரும் அந்தச் சமூகங்களின் சொந்த மரபிலிருந்தே தொடங்கினார்கள்: குழந்தை வட்டத்தின் நடுவில், உறவுகள் சுற்றிலும். விளையாட்டும் பாராட்டும் அந்த மரபுக்குத் திரும்பும் வழியாயின.

சான் டியாகோ முடிவு 2009-ல் வந்தது. 58 குடும்பங்கள், மூன்று பிரிவுகள். கானா வழக்கமான சிகிச்சையைப் பெரும்பாலான அளவைகளில் முந்தியது. ஆனால் கானாவையும் திருத்தாத மூலத்தையும் நேருக்கு நேர் வைத்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. குழுக்கள் சிறியவை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். பண்பாட்டுத் திருத்தம் வீண் என்று இதற்கு அர்த்தம் செய்பவர்கள் உண்டு. நான் வேறு விதமாகப் படிக்கிறேன்: பெயரையும் பேச்சையும் மாற்றியவர்கள், உள்ளே இருந்த 5 நிமிட விளையாட்டில் கை வைக்கவில்லை.

எந்தத் திருத்தமும் இல்லாமல், எந்த ஆய்வும் இல்லாமல், நாற்காலி மட்டும் தனியாக எத்தனையோ வீடுகளுக்கும் வகுப்பறைகளுக்கும் போய்விட்டது. உங்கள் பிள்ளையின் மழலையர் பள்ளியில் ஒரு 'திங்க்கிங் சேர்' இருந்தால், அதற்கு முன்னால் விளையாட்டு எத்தனை நிமிடம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.