தேசிய ரியல் எஸ்டேட் தரகர்கள் சங்கம் (அமெரிக்கா)

கறுப்பினத் தரகர்கள் 12 பேர் 1947இல் புளோரிடாவின் டாம்பா நகரில் தொடங்கிய தொழிலமைப்பு. உறுப்பினர்கள் ‘ரியல்டிஸ்ட்’ எனப்படுவர். முழக்கம், ‘வீட்டுவசதியில் ஜனநாயகம்’. வேறொரு தரகர் அமைப்பான ரியல்டர் சங்கத்தின் அன்றைய கிளைகள் பலவும் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. சேராதவருக்கு விற்பனைக்கு வந்த வீடுகளின் பட்டியல் கிடைக்கவில்லை. பட்டியல் இல்லாத தரகரை யார் தேடி வருவார்? ரியல்டர் சங்கத்தின் 1924ஆம் ஆண்டு நெறிமுறை இன்னும் வெளிப்படையானது: சொத்து மதிப்பைக் கெடுப்பதாகக் கருதப்பட்ட எந்த இனத்தவரும் ஒரு குடியிருப்புக்குள் நுழைய உறுப்பினர் துணைபோகக் கூடாது. நெறி என்ற பெயரில் இப்படியொரு விதி! இனம் பற்றிய சொற்கள் 1950இல் நீக்கப்பட்டாலும் நடைமுறை எளிதில் மாறவில்லை. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. ரியல்டர் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2020இல்.