வெளுத்தவர் எங்கே? பிரிட்டிஷ் உருவப்படங்களும் உடையின் வரலாறும்

பழைய படம் ஒன்றைப் பார்த்ததும் 'அந்தக் காலத்துல இப்படித்தான் உடுத்தினாங்க' என்று சொல்லிவிடுகிறோம். உடுத்தியது யார், உடுத்தக் கூடாது என்று விதிக்கப்பட்டவர் யார், உடுத்தியதைத் துவைத்தது யார் என்று கேட்பதில்லை. பிரிட்டிஷ் உருவப்படங்களில் உள்ள ஆடைகளைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். படங்களை அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அந்த வாசிப்பில் எனக்கு ஏற்பட்ட உறுத்தலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'அர்மடா உருவப்படம்' எனப்படும் ஓவியத்திலிருந்து தொடங்கலாம். 1588இல் ஸ்பானியக் கடற்படை தோற்றதை ஒட்டி வரையப்பட்டது. இன்று மூன்று வடிவங்கள் எஞ்சியிருக்கின்றன. முதலாம் எலிசபெத் முத்துச் சரங்களோடு, உலக உருண்டைமேல் கை வைத்து அமர்ந்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 55. முகத்திலோ வயதின் சுவடே இல்லை. காரணம் எளிது. ஓவியர்கள் ஒவ்வொரு முறையும் அரசியை எதிரே உட்காரவைத்து வரையவில்லை. ஏற்கப்பட்ட ஒரு முக மாதிரியைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தார்கள். 1596இல் அரசியின் ஆலோசனைக் குழு, அவருக்குப் பொருந்தாத படங்களைத் தேடிச் சிதைக்கும்படி ஆணையே பிறப்பித்தது. ஆக, முகம் என்பது அரசாங்கம் அச்சடித்த நாணயம் மாதிரி.

முகத்தை நம்ப முடியாதென்றால் உடையை நம்பலாமா? ஆய்வாளர்கள் நம்புகிறார்கள், ஓரளவு நியாயத்தோடு. கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக நிற்கும் 'ரஃப்' என்ற துணிவளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1560களில் அது சட்டையின் கழுத்தோரச் சுருக்கம்தான். 1580களில் தட்டில் வைத்த தலை போலத் தோன்றுமளவுக்கு விரிகிறது. 1630களில் அது போய், தோளில் படிந்து விழும் காலர் வந்துவிடுகிறது. தேதியில்லாத படத்துக்கு இதை வைத்தே உத்தேசமாகக் காலம் சொல்லிவிடலாம். முகம் உறைந்து நிற்க, துணி மட்டும் காலத்தோடு நகர்கிறது.

ஆனால் அந்தத் துணியும் சுதந்திரமாக நகரவில்லை. 1574இல் எலிசபெத் வெளியிட்ட ஆடைப் பிரகடனம் யார் எதை அணியலாம் என்று படிநிலை வாரியாகப் பட்டியலிட்டது. ஊதாநிறப் பட்டு அரச குடும்பத்துக்கும் மிக உயர்ந்த பிரபுக்கள் சிலருக்கும். வெல்வெட்டுக்கு இன்ன தகுதி, வெள்ளிச் சரிகைக்கு இன்ன தகுதி. இந்த ஆடைச் சட்டங்கள் 1604இல்தான் நீக்கப்பட்டன. எனவே அக்காலப் படத்தில் வெல்வெட் அணிந்து நிற்பவர் தன் ரசனையைக் காட்டவில்லை. தன் உரிமைப் பத்திரத்தைக் காட்டுகிறார். இன்னும் சரியாகச் சொன்னால், மற்றவர்களுக்கு அது இல்லை என்பதைக் காட்டுகிறார். தடை இருந்தது என்றாலே மீறல் இருந்தது என்றுதான் பொருள். மீறியவர்களுக்குப் படம் எழுதிக்கொள்ள எல்லோருக்கும் வசதி இருந்திருக்காது.

கஞ்சி போட்டு விறைத்த வேட்டியைப் பார்த்து வளர்ந்த கண் எனக்கு. அந்த ரஃப்பைப் பார்த்ததும் 'யார் கஞ்சி போட்டது?' என்ற கேள்விதான் முதலில் வந்தது. விடை ஓரளவு கிடைக்கிறது. 1564இல் ஃப்ளாண்டர்ஸிலிருந்து கணவரோடு அடைக்கலம் தேடி லண்டன் வந்த டிங்கன் வான் டென் பிளாஸ் என்ற பெண், கஞ்சி போடும் வேலையைத் தொழிலாக்கி, ஆங்கிலப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். கட்டணம் நான்கைந்து பவுன். கஞ்சி காய்ச்சும் முறைக்குத் தனியாக 20 ஷில்லிங். துவைத்து, கஞ்சியில் முக்கி, ஈரம் காயும் பக்குவத்தில் ஒவ்வொரு மடிப்பாகக் கம்பியை விட்டு நிமிர்த்த வேண்டும். மழையில் நனைந்தால் அவ்வளவும் தொங்கிப்போகும், மறுபடி முதலிலிருந்து. ரஃப் அணிந்தவரால் குனிந்து ஒரு வேலையும் செய்ய முடியாது. செய்யத் தேவையில்லை என்பதுதான் அந்த உடையின் அர்த்தமே.

ஜேனட் அர்னால்ட் 1988இல் வெளியிட்ட நூல் எலிசபெத்தின் உடைகளைப் படங்களோடு மட்டுமல்லாமல், அரண்மனை உடைக் கணக்குகளோடும் ஒப்பிட்டுப் படித்தது. அந்தக் கணக்கேடுகளில் ஆட்கள் தென்படுகிறார்கள்: தையற்காரர் வால்டர் ஃபிஷ், பட்டு வேலைக்காரி ஆலிஸ் மான்டேகு. கணக்கில் பெயர் உண்டு, படத்தில் முகம் இல்லை. வரலாறு இவர்களைச் செலவினமாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வந்தால் உடை என்ற சாட்சியும் பிறழ்கிறது. 1749இல் இறந்த ஜோசப் வான் ஆக்கன், தாமஸ் ஹட்ஸன், ஆலன் ராம்ஸே போன்ற ஓவியர்களின் படங்களுக்கு உடைப்பகுதியை மட்டும் வரைந்து கொடுத்தவர். முகம் ஒருவர் கை, பட்டு இன்னொருவர் கை, புகழ் முகத்துக்கு. கெய்ன்ஸ்பரோ 1770 வாக்கில் வரைந்த 'நீலச் சிறுவன்' அணிந்திருப்பது, 1641இல் இறந்த வான் டைக் காலத்துப் பாணி வேஷ உடை. அதைப் பார்த்து 1770இல் பையன்கள் இப்படி உடுத்தினார்கள் என்று எழுதினால் கதை கந்தல்.

படம் என்பது நடந்ததன் பிரதிபலிப்பு அல்ல, தன்னை இப்படிப் பார்க்க வேண்டுமென்று பணம் படைத்தவர் எழுதவைத்த பிரதி என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அந்தப் பிரதிகளை யார் சேகரித்தார்கள் என்பதும் முக்கியம். 1856இல் லண்டனில் தேசிய உருவப்படக் கூடம் நிறுவப்பட்டபோது, ஓவியத்தின் தரம் அல்ல, படத்தில் உள்ளவரின் புகழே அளவுகோல் என்று வகுத்தார்கள். அப்படியானால் வண்ணாத்தியின் படம் எந்த வாசல் வழியாக உள்ளே வரும்?

வந்த படங்களும் சில உண்டு. ஜான் ரைலி 1686இல் வரைந்த பிரிட்ஜெட் ஹோம்ஸின் படம் அரச சேகரிப்பில் இருக்கிறது. அவர் அரண்மனையில் மலச்சட்டி அகற்றித் துப்புரவு செய்தவர். படம் வரைந்தபோது வயது 96 என்று படத்திலேயே எழுதியிருக்கிறது. பிரபுக்களுக்கு உரிய ஆளுயரச் சட்டகம், திரைச்சீலை, பூச்சாடி எல்லாம் இவருக்கும். கையில் மட்டும் செங்கோலுக்குப் பதில் துடைப்பம். சட்டைக்கை மடித்துவிடப்பட்டிருக்கிறது. திரைக்குப் பின்னிருந்து ஒரு பணியாள் பையன் எட்டிப்பார்க்கிறான். இது கௌரவமா, அரண்மனையின் கேலியா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். சிரிப்பதற்காக அமைத்த சட்டகத்துக்குள் அவர் சிரிக்காமல் நிற்கிறார். அவருடைய வெள்ளைத் துணியை ஒருவேளை அவரே துவைத்திருக்கலாம்.

இன்னொன்று, ஹோகார்த் 1750களின் முற்பாதியில் வரைந்த தன் வீட்டுப் பணியாளர்கள் ஆறு பேரின் தலைகள். யாரும் காசு கொடுத்து எழுதச் சொன்ன படமல்ல. பின்னணி இல்லை, கையில் வேலைக் கருவி இல்லை, எளிய வெள்ளைத் தொப்பிகள். ஆறு பேரும் ஆறு விதமாக இருக்கிறார்கள். மாதிரி முகம் ஒன்றுகூட இல்லை. அரசிக்குக் கிடைக்காத முகம் வேலைக்காரர்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் பெயர்கள் படத்தில் இல்லை.

உடை வரலாறு படிப்பது மேல்தட்டு அலங்கார ரசனை என்று நம் நண்பர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒதுக்கினால் படங்கள் மறுபடி அவற்றுக்குக் காசு கொடுத்தவர்களிடமே போய்விடும். அர்மடா படத்தில் உலக உருண்டைமேல் இருக்கும் கையைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அந்தக் கழுத்தின் வெண்மையைப் பார்க்கப் பழகுவோம். கஞ்சியில் வெந்த கைகள் அங்கேதான் இருக்கின்றன.