கோம்பை நாயின் குலச்சான்று

நாய்க்குக் குலமுண்டோ என்று நகைப்பவர் உளர். நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. புணேயிலோ தில்லியிலோ பெங்களூரிலோ வாழும் தமிழர் ஒருவர், தம் ஊர்ப்பக்கத்து வேட்டை நாய்க்குட்டி ஒன்றை வளர்க்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் முதலில் எடுத்து நீட்டுவது குட்டியை அன்று, ஒரு காகிதத்தை. காகிதம் இல்லாதவரோ, "இது அசல் கோம்பை" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். அக்காகிதம் எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டவில்லை? காகிதமே இல்லாத நாய் கலப்பு நாய் ஆகிவிடுமா? இவ்வினாக்களுக்கு விடை காண, நாய்க்குலப் பதிவு என்னும் வழக்கம் தோன்றிய வரலாற்றைச் சற்றே பார்க்க வேண்டும்.

கோம்பை என்பது தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் உள்ள ஊர். ஊருக்கு மேற்கே சுவர் வைத்தாற்போல் மலை எழுகிறது. அதன் முகட்டைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்கே இராமக்கல்மேட்டில் நின்று கிழக்கே நோக்குவார்க்குக் கோம்பையும் தேவாரமும் காலடியில் விரிந்து கிடக்கும். திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இருந்த இம்முகட்டு எல்லையே, 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பெற்றபோது மாநில எல்லையாக நிலைத்தது. ஆயினும் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வழிகளில் ஏலத்தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் மக்கள் ஏறிச் செல்வது நிற்கவில்லை. பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்த வழியாக இப்பக்கம் இறங்கி வருகிறது. வடக்கே பாலக்காட்டுக் கணவாயிலும் இதே நிலைதான். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கங்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். வாளையாற்றுச் சாவடி சரக்கு வண்டிகளுக்குத்தான், நாய்களுக்கு அன்று.

இம்மலையடிவாரத்து வேட்டை நாயைக் கோம்பை நாய் என்பர். செந்நிற உடல், கரிய வாய், குட்டையான மயிர், அகன்ற தாடை, வளைந்த வால். "கருவாய்ச் செவலை" என்று ஊரார் ஒரே சொல்லில் முடித்துவிடுவர். காட்டுப்பன்றியை மடக்கி நிறுத்தவும், கிடையைக் காக்கவும் பழக்கப்பட்ட நாய் இது. ராஜபாளையத்து நாய் வெள்ளை, உயர்ந்தது. சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்டு, திறந்த கரிசல் வெளியில் முயலைத் துரத்துபவை. கோம்பையோ புதரும் பாறையும் செறிந்த இடத்துக்கு ஏற்றவாறு திரண்ட உடல் கொண்டது.

இந்நாய்களுக்கு ஏடு எழுதி வைத்தவர் எவருமில்லை. எந்த நாய் பன்றிக்குப் பின்வாங்காமல் நின்றது, எந்தப் பெட்டையின் ஈற்றில் நல்ல குட்டிகள் பிறந்தன என்பவை வேட்டைக்காரர், கிடைக்காரர் நினைவில் இருந்தன. நின்ற நாயை நின்ற நாயோடு சேர்த்தனர். உதவாததை விட்டனர். எழுதாத பதிவேடுதான், ஆயினும் கண்டிப்பானது.

தமிழ்நாட்டில் நாயைப் பற்றி எழுதிவைக்கும் வழக்கமே இல்லை என்று எண்ணிவிட வேண்டா. செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நடப்பெற்ற நடுகல் ஒன்றுண்டு. தொறுப்பூசலில் இறந்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துத் தன் தலைவன் அருகே காத்து நின்றது என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். பெயர் உண்டு, செயல் உண்டு. தாய் தந்தை யார் என்ற செய்தி மட்டும் இல்லை. அன்றைக்கு அது வேண்டப்படவில்லை.

அச்செய்தியை முதன்மையாகக் கொண்ட பதிவேடு இங்கிலாந்தில் பிறந்தது. அதுவும் நாய்க்கன்று, குதிரைக்கு. பந்தயக் குதிரைகளின் வம்சாவளிப் பொதுப் பதிவேடு 1791-இல் வெளியாயிற்று. பந்தயத்தில் பணம் புரளும்போது, ஓடுவது எந்தக் குதிரையின் மகன் என்று அறிவது அவசியமாயிற்று. நாய்களுக்கு 1859-இல் நியூகாசில் நகரில் முதற் காட்சி நடந்தது. அதில் நின்றவையும் வேட்டை நாய்களே. காட்சிகள் பெருகவே குழப்பமும் பெருகிற்று. ஒரே பெயருடைய நாய்கள் பல. எது எதனுடைய குட்டி என்று எவராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே 1873-இல் கென்னல் கிளப் என்னும் சங்கம் தோன்றி, மறு ஆண்டே 4,000-க்கு மேற்பட்ட நாய்களின் பெயர்களைக் கொண்ட பதிவேட்டை அச்சிட்டது. பின்னர் விதி ஒன்று வேரூன்றியது: பதிவேட்டில் உள்ள தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த குட்டியே பதிவேட்டில் ஏறலாம். உள்ளே இருப்பவை உள்ளேயே பெருக வேண்டும். வெளியே நிற்பதற்கு வாயில் இல்லை.

இவ்வம்சாவளியை ஆங்கிலேயர் 'பெடிகிரி' என்பர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இச்சொல் ஓயாத தொல்லை. குலவரிசை என்பதா, மரபுப்பட்டி என்பதா, கொடிவழி என்பதா? பிரெஞ்சு மொழியில் நாரையின் கால் என்று பொருள்படும் தொடரிலிருந்து அது வந்ததென்பர். தலைமுறைகள் கிளைத்து இறங்கும் கோடுகள் நாரைக் காலின் விரல்களைப் போலத் தோன்றின போலும். நம் நாட்டுப்புறத்தில் கொடிவழி என்றால் எவருக்கும் விளங்கும். அதுவே போதும்.

இந்தியாவில் 1896-இல் வடபுலத்தில் தொடங்கிய சங்கமே இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப். ஆங்கிலேயர் கொணர்ந்த நாய்களுக்கே அதன் ஏடுகள் முதலில் பயன்பட்டன. உதகையில் நரி வேட்டையாட இங்கிலாந்திலிருந்து நாய்களைக் கப்பலேற்றி வருவித்த காலமது. அம்மலைக்குத் தெற்கே கருவாய்ச் செவலை இருப்பதை ஏட்டில் எழுத எவருக்கும் தோன்றவில்லை. நாட்டு நாயினங்கள் அவ்வேட்டில் இடம் பெற்றது மிகப் பிற்காலத்தில்.

இங்கே வாசகர் இரு பதிவுகளைப் பிரித்தறிய வேண்டும். கென்னல் கிளப் பதிவது தனி நாயை: இன்ன பெயர், இன்ன தாய், இன்ன தந்தை. 1984-இல் நிறுவப்பெற்று, இன்று கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளங்கள் பணியகம் பதிவது இனத்தை: இன்ன நிலப்பகுதியில், இன்ன தோற்றத்துடன், மரபு வேறுபாட்டுடன் இப்படி ஓர் இனம் உண்டு என்பதை. இப்பணியகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நெடுங்காலம் எண் கொடுத்து வந்தது. நாயினங்களை முதன்முதலாகப் பதிந்தது 2020-ஐ ஒட்டியே. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கருநாடகத்தின் முதோல் ஆகிய மூன்றும் ஏறின. கோம்பை அம்முதற் பட்டியலில் இல்லை. நம் நாட்டு நாய்களுக்கு 2005-இல் அஞ்சல்தலை வெளியிட்டபோதும் ராஜபாளையம் இருந்தது, கோம்பை இல்லை. 2020 ஆகஸ்டு 30-இல் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை என்பவற்றோடு கோம்பையையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். உடனே குட்டிக்குக் கிராக்கி ஏறிற்று; போலியும் ஏறிற்று.

போலி ஏறுவதற்குக் காரணம் உண்டு. கோம்பைக்குப் பழைய தொழில் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடக்கியது. அது வேண்டிய சட்டமே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பன்றியின் முன் நிறுத்தி நாயை அறியும் தேர்வும் அத்துடன் போயிற்று. எஞ்சியது தோற்றம் ஒன்றே. செந்நிறமும் கரிய வாயும் தமிழ்நாட்டுத் தெருநாய்களிலும் மிகப் பரவலாகக் காண்பவை. எந்தத் தெருவில் எடுத்த குட்டியையும் கோம்பை என்று சொல்லி விற்கலாம்; வாங்குபவர் நூறு காதத்துக்கு அப்பால் இருப்பின் இன்னும் எளிது.

இந்நிலையில்தான் டி.என்.ஏ. என்னும் மரபணுச் சோதனை பேசப்படுகிறது. நாய்க்கு 39 இணைக் குரோமோசோம்கள். பாக்ஸர் இனப் பெட்டை ஒன்றின் முழு மரபுத்தொடரை அறிஞர்கள் 2005-இல் வெளியிட்டனர். அத்தொடரில் சில இடங்களில் ஒரே சிறு எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப அடுக்கி வரும். எத்தனை முறை அடுக்கி வருகிறது என்பது நாய்க்கு நாய் மாறும். ஒவ்வோர் இடத்திலும் குட்டிக்கு இரு எண்கள் இருக்கும். ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. இருபது இடங்களளவு ஒப்பிட்டுப் பார்த்தால், தந்தை என்று சொல்லப்பட்ட நாய் தந்தைதானா என்பது ஏறத்தாழ ஐயமற விளங்கிவிடும். உடலில் பொருத்தும் நுண்சில்லும் இன்று வழக்கில் உள்ளது. அதிலுள்ள 15 இலக்க எண், இது இன்ன நாய் என்று கூறும். அதன் தந்தை யார் என்று கூறாது. பதிவேட்டில் பொய்த் தந்தையை எழுதினால் சில்லு அப்பொய்யையும் சேர்த்தே சுமக்கும். மரபணு அதனை அம்பலப்படுத்தும்.

ஆனால் "இந்நாய் கோம்பைதானா?" என்று கேட்டால் நிலைமை வேறு. 2004-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 85 இனங்களைச் சேர்ந்த 414 நாய்களை 96 இடங்களில் ஒப்பிட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களின் இனத்தைச் சரியாகக் கூறினர். பெருஞ்சாதனைதான். எனினும் அவ்வினங்கள் பல தலைமுறையாக மூடிய ஏட்டுக்குள் பெருகியவை. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி முத்திரை படிந்திருந்தது. கோம்பைக்கு அத்தகைய ஒப்பீட்டுத் தொகுதி வேண்டுமானால், முதலில் "இவை கோம்பை" என்று சில நாய்களை எவரேனும் சுட்டிக் காட்ட வேண்டும். சுட்டுபவர் யார்? மலையடிவாரத்துக் கிடைக்காரரும் பழைய வேட்டைக்காரரின் பிள்ளைகளும்தான். கருவி எத்துணை நுட்பமாயினும் முதற் சொல் அவர்களுடையது. கன்னியும் சிப்பிப்பாறையும் இரு இனங்களா, நிறம் வேறான ஓரினமா என்ற வழக்கும் இன்னும் ஓயவில்லை. சோதனைக் கூடம் அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை அளந்து தரும். எவ்வளவு தூரமிருந்தால் தனி இனம் என்று கொள்வது மனிதர் முடிவு.

அம்முதற் சுட்டுதலில் கை இறுகினால் என்ன நேரும்? ஆப்பிரிக்கக் காங்கோ நாட்டு வேட்டை நாயான பசெஞ்சி, சில நாய்களை மட்டுமே மூலமாகக் கொண்டு மேனாடுகளில் பெருகிற்று. நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்ததனால் இரத்தச் சோகையும் சிறுநீரக நோயும் குலத்தைப் பற்றின. அமெரிக்கச் சங்கம் 1990-இல், மூடிய ஏட்டைத் திறந்து ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்த புது நாய்களைச் சேர்த்தது. டால்மேஷியன் கதை இன்னும் நீண்டது. தூய டால்மேஷியன் அனைத்தும் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகும் குறையோடு பிறந்தன. மரபியலறிஞர் இராபர்ட் ஷைபிள் 1973-இல் பாயிண்டர் நாய் ஒன்றோடு ஒருமுறை கலந்து, பிறகு தலைமுறைதோறும் டால்மேஷியனோடே சேர்த்து, குறை நீங்கிய நாய்களை உண்டாக்கினார். தூய்மை கெட்டது என்று இனச் சங்கத்தார் மறுத்தனர். அமெரிக்கப் பதிவேட்டின் கதவு 2011-இல்தான் அவற்றுக்குத் திறந்தது. நம் ராஜபாளையத்திலும் வெள்ளை நிறத்தை மட்டுமே விரும்பித் தேர்ந்ததன் விலையாகப் பிறவிச் செவிடு காணப்படுகிறது. ஏழெட்டுக் காட்சி நாய்களை மட்டும் கொண்டு கோம்பை ஏட்டைத் தொடங்கி மூடிவிட்டால், தூய்மை காகிதத்தில் இருக்கும்; நோய் நாயில் இருக்கும்.

நாய் வளர்ப்போர்க்கு மைய அரசு 2017-இல் விதிகள் வகுத்தது. குட்டி ஈன்று விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும். பெட்டையை 18 மாதத்துக்கு முன்னும் 8 வயதுக்குப் பின்னும் சேர்த்தல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஆகாது. 8 வாரம் நிறையாத குட்டியை விற்றல் ஆகாது. விதிகள் நல்லவை. ஆயினும் பதிவு மாநிலந்தோறும் வேறு. கோம்பையில் பிறந்து முகட்டுக்கு அப்பால் கட்டப்பனையில் வளரும் நாயின் குட்டிகள் எவ்வேட்டில் ஏறும்? மலைமேல் தோட்டங்களுக்குக் குடியேறியவர்களோடு சென்ற நாய்களின் வழியினவற்றைக் கீழே உள்ளவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் இனத்தின் முழு அளவு தெரியும். உறவு நெருக்கத்தைத் தவிர்க்கவும் அவையே துணை.

ஆதலின் குட்டி வாங்கக் கருதும் வாசகர், காகிதத்தில் எத்தனை தலைமுறை எழுதியிருக்கிறது என்பதோடு, தாயையும் தந்தையையும் மரபணு கொண்டு சரிபார்த்தார்களா என்றும், அவ்விரண்டும் நெருங்கிய உறவா என்றும் கேட்க வேண்டும். கோம்பைப் பக்கத்தில் ஏடு தொடங்குவோர்க்கு வேலை பெரிதன்று. பஞ்சு சுற்றிய குச்சியால் நாயின் கன்னத்தின் உட்புறத்தைச் சில நொடிகள் தேய்த்து, உலர்த்தி, காகித உறையில் இட்டால் சோதனைக்குப் போதும். உறையின்மேல் நாயின் பெயர், ஊர், உயரம், நிறம், வளர்ப்பவர் நினைவிலுள்ள தாய் தந்தை ஆகியவற்றை எழுத வேண்டும். இவற்றுள் உயரமும் நிறமும் அடுத்த ஆண்டிலும் அளக்கலாம். நினைவிலிருந்து சொல்லும் முதியவர்களிடம் இவ்வாண்டே போக வேண்டும்.