முகமும் அகமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. ஆயினும், கமராவின் முன் அமர்ந்த மாத்திரத்தே அகம் ஒளிந்துகொள்கிறது; முகம் ஒரு வேடம் புனைந்துகொள்கிறது. அவ்வேடத்தைக் களைவது எங்ஙனம்? நிழற்படக் கலையின் வரலாற்றிலே இதற்கு வழி தேடியோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர்.

முதலாமவர் ஜூலியா மார்கரெட் கமெரன் அம்மையார். 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். இலங்கையில் 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த கோல்புறூக் - கமெரன் ஆணைக்குழுவை நேயர்கள் அறிவர். அக்குழுவிற் பணியாற்றிய கமெரனே இவ்வம்மையாரின் கணவர். 1863இல், தமது 48ஆவது வயதில், மகள் பரிசளித்த கமராவைக் கொண்டு இவர் இங்கிலாந்திலே படம் பிடிக்கத் தொடங்கினார்.

அக்காலத்துக் கண்ணாடித் தகட்டில் உருவம் பதிய நெடுநேரம் வேண்டும். இவருடைய பெரிய தகடுகளுக்கோ சில நிமிடங்கள் அசையாதிருத்தல் வேண்டும். ஒரு கணம் புன்னகைபோல் நடிக்கலாம். நிமிடக் கணக்கில் நடித்தல் அரிது. உதடு தளரும், கண்கள் தம் இயல்புக்குத் திரும்பும். 1867இல் வானியலறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷலை இவர் எடுத்த படம் இதற்குச் சான்றாகும். நிழற்படத்தை மங்காது நிலைபெறச் செய்யும் உப்பின் தன்மையை 1819இலேயே கண்டறிந்தவர் ஹேர்ஷல். அவர்தம் புகழை உணர்த்தும் பொருளெதுவும் அப்படத்தில் இல்லை. இருளினின்று வெளிப்படும் நரைத்த தலையும், வாழ்நாளெல்லாம் விண்ணை ஆராய்ந்த கண்களுமே உள. அம்மையாரின் படங்களில் உருவம் தெளிவில்லை எனத் தொழில்வல்லோர் குறைகூறினர். அவரோ தம் வழியை மாற்றினாரல்லர்.

மற்றவர், றீகா நகரிற் பிறந்து 1940இல் அமெரிக்காவை அடைந்த பிலிப் ஹால்ஸ்மன். அம்மையார் அசையாமையாற் கண்டதை இவர் அசைவினாற் கண்டார். 1950களில், தாம் படமெடுத்த பெரியோரை ஒருமுறை துள்ளிக் குதிக்குமாறு வேண்டினார். குதிப்பவரின் கருத்தெல்லாம் குதிப்பிலே செல்வதால், முகத்தைக் காத்துக்கொள்ள இயலாது வேடம் நழுவும் என்பது அவர் கொள்கை. வின்ஸர் கோமகனும் துணைவியாரும் குதித்தனர். அணுவிஞ்ஞானி ஒப்பன்ஹைமர் கையை மேல்நோக்கி நீட்டிக் குதித்தார். 1959இல் இத்தகைய படங்கள் நூலாக வெளிவந்தன.

வேடம் நீங்கினால் மட்டும் ஒருவரை அறிந்ததாகுமா? இவ்வினா இலங்கை மண்ணிலேயே எழுகின்றது. 1875இல் கமெரன் தம்பதியர் இங்கு குடியேறினர். களுத்துறையிலே அம்மையார் கிராமத்தவரையும் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். அவற்றுட் சிலவே எஞ்சியுள. இங்கிலாந்தில் எடுத்த அறிஞர் படங்களில் ஹேர்ஷல், டார்வின், டெனிசன் என ஒவ்வொருவர்க்கும் பெயருண்டு. இலங்கைப் படங்களிலுள்ள பெரும்பாலோர்க்குப் பெயரில்லை. அதே கை, அதே கமராக் கலை; ஆயினும் ஒருசாரார் மனிதராய் நினைவுகூரப்படுகின்றனர், மறுசாரார் வகையினராய் நின்றுவிட்டனர்.

1879இற் காலமான அம்மையார் பொகவந்தலாவைத் தேவாலய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயர் அங்கே கல்லில் உண்டு. அவர் கமராவின் முன் பொறுமையுடன் நின்ற தொழிலாளரின் பெயரோ எங்கும் இல்லை. முகத்தை ஒளி காட்டும். அம்முகத்துக்குரியவர் இன்னாரெனச் சொல்ல மனிதரே வேண்டும். வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் பழைய படத்தின் பின்புறத்தே ஒரு பெயரை எழுதிவைப்பவர், படம் பிடித்தவர் செய்யாது விட்ட பணியை நிறைவு செய்கின்றார்.