களியின் ஊரில் நார் குறைந்த கதை

பெங்களூரைச் சுற்றியுள்ள மானாவாரிச் செம்மண்ணுக்கு நெல்லைவிடக் கேழ்வரகுதான் தோது. உழைப்பவர் தட்டில் களி நிலைத்தது. சோறு வசதியின் அடையாளமானது. இந்தப் பேதம் பழையது. 16ஆம் நூற்றாண்டிலேயே கன்னடக் கவிஞர் கனகதாசர் ‘ராமதான்ய சரிதெ’யில் நெல்லையும் கேழ்வரகையும் வழக்காட வைத்து, ராமன் தீர்ப்பால் கேழ்வரகை ஜெயிக்க வைத்தார். நகரத்துத் தட்டில் ஜெயித்தது என்னவோ தீட்டிய அரிசி. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. தானியம் மாறியதில் குடலுக்குப் போகும் நாரும் சத்தமில்லாமல் குறைந்தது என்பதே என் வாதம்.

காட்டில் உழைத்த உடம்புக்கு எதுவும் செரிக்கும், களிக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். உழைப்பின் பங்கு உண்மைதான். கேழ்வரகின் தாயகமான கிழக்கு ஆப்பிரிக்காவில், உகாண்டாவில் பணிபுரிந்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், நார் குறைந்த உணவே மேலைநாட்டுக் குடல்நோய்களுக்கு வேர் என்று 1970களில் வாதிட்டபோதும் இதே ஆட்சேபம் எழுந்தது. அவருடைய முடிவுகள் எல்லாமே நிலைக்கவும் இல்லை. ஆனால் மலச்சிக்கலைப் பொறுத்தவரை அவர் வாதம் நிற்கிறது. கேழ்வரகு நாரில் பெரும்பகுதி நீரில் கரையாதது. அது மலத்தின் பருமனைக் கூட்டிக் குடலில் நகர்த்துகிறது. போதிய தண்ணீர் குடிக்காவிட்டால் அதே நார் வயிற்றை உப்ப வைக்கும். இன்று கடைகளில் மறுபடி கேழ்வரகு மவுசு. ஆனால் தவிட்டைச் சலித்து எடுத்த மாவில் நாரின் பெரும்பங்கு சல்லடையிலேயே தங்கிவிடுகிறது.